முதலில் மழை, கடைசியில் ராஜா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை நெருங்கினால் ஆலய மண்டபங்களிலும் பொது மண்டபங்களிலும் பிள்ளைகளுக்கு மொழி முகாம் நடப்பது இங்கே பினாங்கில் வழக்கம். ‘கற்பனை உலகம் படைப்போம்’ என்ற அங்கம் அதில் இப்போது அடிக்கடி தலைகாட்டுகிறது. நல்லது. ஆனால் பெரும்பாலும் அதை மதியச் சோற்றுக்குப் பிறகு வைக்கிறார்கள். மணிலா அட்டையையும் வண்ணப் பென்சில் பெட்டியையும் கொடுத்து, விருப்பம்போல் வரையுங்கள் என்று விட்டுவிடுகிறார்கள். அரை மணி நேரத்தில் அட்டையின் நடுவில் ஓர் அரண்மனை, பக்கத்தில் நெருப்பு கக்கும் மலை, நாலு ராஜா, ஒன்பது அரக்கன். அதற்குமேல் வண்டி நகராது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கற்பனையே இல்லை, எல்லாம் கைப்பேசியால் வந்த வினை என்று பிறகு பேச்சு. கைப்பேசியைத் திட்ட எத்தனையோ காரணம் உண்டு, இது அதில் சேராது. ராஜாவில் தொடங்கிய உலகம் ராஜாவோடு நின்றுவிடும். அவர் என்ன சாப்பிடுகிறார், அது எங்கே விளைகிறது, எந்த வழியாக வந்து சேர்கிறது என்று யாரும் கேட்காததால் அடுத்த பிள்ளைக்குச் சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை.

ஒரு முறைக்கு ஒருவர் ஓர் அம்சம் மட்டும் சேர்த்துக்கொண்டு போகும் விளையாட்டாக இதை நடத்தலாம். முகாம் நடத்துபவர்களும் பெற்றோரும் அப்படியே எடுத்துப் பயன்படுத்தட்டும் என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

மேசைக்கு ஐந்து பேர். ஆறுக்கு மேல் போனால் தன் முறை வருவதற்குள் பிள்ளை தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடும். ஆளுக்கு ஐந்து முறை, ஆக 25 சீட்டு. முறைக்கு மூன்று நிமிடம் என்றால் 75 நிமிடம், வாக்குவாதத்துக்கு ஒரு 15 நிமிடம். ஏ4 தாளை மூன்று தடவை மடித்து வெட்டினால் எட்டுச் சீட்டு வரும், நாலு தாள் போதும். நிலப்படத்துக்கு ஓர் ஏ3 தாள், பென்சில் (பேனா கூடவே கூடாது), அழிப்பான், ஆளுக்கு ஒரு பத்துக் காசு. எல்லாம் சேர்த்து ஐந்து வெள்ளியைத் தாண்டாது. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இது சரியாக வரும். சின்னப் பிள்ளைகளாக இருந்தால் இரண்டு நாளாகப் பிரித்துவிடுங்கள்.

சீட்டின் மூலையில் வரிசை எண். அடுத்து பெயர். அதன் கீழே ஒரே வாக்கியத்தில் அது என்ன என்று. அதற்கும் கீழே இரண்டு வரி: எந்த எண்ணுள்ள சீட்டைப் பிடித்துக்கொண்டு இது வருகிறது, இதனால் யாருக்கு என்ன நட்டம். விளையாட்டின் உயிரே அந்தக் கடைசி இரண்டு வரியில்தான் இருக்கிறது. முதலில் எழுத வேண்டும், எழுதிய பிறகே வாயைத் திறக்க வேண்டும். மேசைக்கு ஒரு வாயாடி எப்படியும் இருப்பார். அவர் முதலில் பேசிவிட்டால் மற்ற நால்வரும் தலையாட்டிப் பொம்மைகள் ஆகிவிடுவார்கள்.

ஐவரில் ஒருவர் கிராணி, அதாவது எழுத்தர். தோட்டத்தில் கிராணி செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) பதிந்தால்தான் அன்றைய கூலி. அதுபோல் இந்தக் கிராணி ஏட்டில் பதிந்தால்தான் அந்த அம்சம் உலகத்தில் இருக்கிறது. சுற்றுக்குச் சுற்று ஆள் மாற வேண்டும், இல்லாவிட்டால் கையெழுத்து அழகாக இருக்கிற பெண்பிள்ளை தலையில் ஐந்து சுற்றும் அந்த வேலையே விழும்.

பத்துக் காசு ஆட்சேபத்துக்கு. ஒருவர் எழுதிய சீட்டு ஒத்துவரவில்லை என்று தோன்றினால் காசை அதன்மேல் வைக்கலாம். எழுதியவரே அதைத் திருத்தி எழுதுவார். கிழித்துப் போடவோ மற்றவர் திருத்தவோ உரிமை கிடையாது. வைத்த காசு திரும்ப வராது. ஆளுக்கு ஒன்றுதான் என்பதால் சும்மா குறுக்கே பேச யாரும் அதைச் செலவழிக்க மாட்டார்கள்.

இனி உலகம். நிலப்படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது 10 கிலோமீட்டர். ஏ3 தாளின் நீளம் 42 சென்டிமீட்டர், ஆக 420 கிலோமீட்டர். பினாங்கும் கோலாலம்பூரும் ஒரே தாளில் அடங்கிவிடும் தூரம் அது. மூட்டை முடிச்சோடு ஓர் ஆள் நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் நடப்பார். பாரம் ஏற்றிய மாட்டுவண்டி 20 போனால் பெரிது. ஆகவே இரண்டரை சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு காகிதத் துண்டு வெட்டி, ‘ஒரு நாள் நடை’ என்று எழுதி மேசையில் வையுங்கள். காலையில் புறப்பட்ட தூதன் மதியத்துக்குள் பக்கத்து நாட்டில் போய் நின்றால் அந்தத் துண்டே கேள்வி கேட்டுவிடும்.

முதல் சீட்டு காற்று. தாளின் ஓரத்தில் ஓர் அம்பு, எந்தத் திசையிலிருந்து ஈரக்காற்று வருகிறது என்று. இரண்டாம் சீட்டு அந்தக் காற்றுக்கு எதிரே ஒரு மலைத்தொடர். மூன்றாவது தானாக வரும்: மலைக்கு முன்பக்கம் மழைக்காடு, பின்பக்கம் வறண்ட நிலம். பிள்ளைகளுக்கு விளக்க வெகுதூரம் போக வேண்டாம். வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தானையும் திரெங்கானுவையும் வெள்ளக்காடாக்குகிறது. அதே காற்றுக்குத் தித்திவங்சா மலைத்தொடர் குறுக்கே நிற்பதால் ஜனவரி, பிப்ரவரியில் பினாங்கில் வெயில் காய்கிறது. காற்றும் மலையும் வைத்துவிட்டால் எங்கே நெல் விளையும், எங்கே ஆடு மேயும் என்பது பாதி முடிவாகிவிட்டது.

பனி மூடிய சிகரத்தைத் தென்னந்தோப்புக்குப் பக்கத்தில் வரையாத பிள்ளை இல்லை. மேலே ஏற ஏற ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய ஆறரை பாகை குளிர்கிறது. பினாங்குக் கொடிமலையில் கீழே இருப்பதைவிட ஐந்து பாகை குறைவதும் இந்தக் கணக்கில்தான். 4,095 மீட்டர் உயரமுள்ள கினாபாலுவின் உச்சியிலேயே நிலைத்த பனி கிடையாது. பனி வேண்டுமென்றால் வைக்கட்டும், ஆனால் மலை 5,000 மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அவ்வளவு உயர மலையைச் சுற்றிக்கொண்டு போக எத்தனை நாள் நடை என்று உடனே அளந்து எழுத வேண்டும். அதுதான் அந்தச் சீட்டின் நட்டம்.

ஆறுகளில்தான் அதிகம் சறுக்குவார்கள். ஆறு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வரும், வழியில் மற்ற ஆறுகளோடு சேரும், பிரிவது அபூர்வம். காவிரி முக்கொம்பில் கொள்ளிடமாகப் பிரிவதுபோல் கடலை நெருங்கிய தாழ்நிலத்தில் பிரியலாம், நடுமலையில் பிரியக்கூடாது. ஏரிக்குள் எத்தனை ஓடை வேண்டுமானாலும் விழலாம், வெளியேறும் வாய் பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்குப் பாயும் ஆறு பத்தில் மூன்று தாளில் இருக்கும். அதைக் கண்டால் கோபிக்க வேண்டாம், யாராவது பத்துக் காசை வைப்பார்கள்.

ஆறு வைத்தவுடன் மேல்கரை, கீழ்கரை என்று வழக்கு பிறக்கும். முடா ஆறு கெடாவில் பிறக்கிறது. பினாங்கு குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி அதிலிருந்து வருகிறது. இரு மாநிலங்களுக்கும் இடையே அதையொட்டி நடக்கும் பேச்சு தங்கள் பத்திரிகையிலேயே வந்திருக்கும். பிள்ளைகளின் தாளிலும் அது நடக்கும். இன்னும் ஒரு ராஜாகூடப் பிறக்கவில்லை, அதற்குள் சண்டைக்கு நல்ல காரணம் கிடைத்துவிட்டது பாருங்கள்.

இரண்டாம், மூன்றாம் சுற்றுகளுக்கு நம் கையிலேயே ஒரு பட்டியல் இருக்கிறது. ஒரு நிலத்துக்கு என்னென்ன வேண்டும் என்று தொல்காப்பியம் எட்டை எண்ணிச் சொல்கிறது: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். கருப்பொருள் என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்து மறுநாள் மறந்துவிடுகிறோமே, அதுதான். ஆங்கிலத்தில் உலகம் படைக்கும் கையேடுகளில் வரும் நீண்ட வினாப் பட்டியல்களைவிட இது சுருக்கமானது, கூர்மையானது. நெய்தல் நிலத்தின் உணவு எது என்று பாருங்கள்: மீனையும் உப்பையும் விற்று வாங்கியது. உணவு என்ற ஒரு கட்டத்தை நிரப்பும்போதே சந்தை வந்துவிட்டது, உப்புவண்டி வந்துவிட்டது, வண்டி போகும் பாதையும் வந்துவிட்டது. பாலைக்குத் தனி நிலமே இல்லை, முல்லையும் குறிஞ்சியும் வறண்டால் பாலை. அதாவது நிலம் மாறும். பிள்ளைகளின் உலகத்திலும் ஏதாவது ஒரு நிலம் இப்படி மாறிக்கொண்டிருக்கட்டும்.

ஐந்திணையை அப்படியே நகல் எடுத்து ஒப்பிக்க விட்டுவிடக்கூடாது. அதில் இல்லாத ஆறாவது நிலம் ஒன்றைக் கொடுங்கள். வடக்கே வசிக்கும் பிள்ளைகளுக்குச் சதுப்புநிலக் காடு தெரியும், அதற்குக் ‘கண்டல்’ என்று பெயர் வைப்போம். உணவு நண்டும் இறாலும். விலங்கு நீர்நாய். மரம் பாக்காவ் (கண்டல் மரத்துக்கு மலாய்ப் பெயர்). பறவை நாரை. பறை என்பது தண்ணீர் ஏறும்போது எச்சரிக்கத் தட்டும் குடைந்த மரக்கட்டை. தொழில் கரிசுடுவது. கோலா செப்பெத்தாங்கில் பாக்காவ் கட்டையை எரித்துக் கரி எடுக்கும் சூளைகளைப் பார்த்த பிள்ளை இதை வரிந்து வரிந்து எழுதும். அங்கே மாத்தாங் காட்டில் ஏறத்தாழ 40,000 ஹெக்டரைப் பங்கு பிரித்து, வெட்டிய பங்கை 30 ஆண்டு வளரவிட்டுத்தான் மறுபடி வெட்டுகிறார்கள். இதை அந்த உலகத்தின் சட்டமாக்கினால் ஒரு மரவெட்டி தன் ஆயுளில் ஒரே பங்கை இரண்டு தடவைதான் வெட்டுவான், மூன்றாவது அவன் பேரனுக்கு. முப்பது ஆண்டு காத்திராமல் ஒருவன் திருட்டுத்தனமாக வெட்டினால் அலை உள்ளே வரும். நட்டம் எழுதும் வரி நிரம்பிவிட்டது. தெய்வத்தையும் யாழையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன், அடுத்த இருவர் எழுதட்டும்.

மூன்றாம் சுற்று வாக்கில் யாராவது ஒருவர் ‘வானத்தில் இரண்டு நிலா’ என்று எழுதுவார். அழகுக்காக எழுதியிருப்பார். அதை அப்படியே விடாமல் கணக்குப் பண்ண வையுங்கள், உலகமே அசையும். பெரிய நிலாவுக்கு முழுநிலாவிலிருந்து முழுநிலாவுக்கு 30 நாள், சின்னதற்கு 12 நாள் என்று வைத்துக்கொள்வோம். தொடக்க நாளில் இரண்டும் முழுநிலா. அடுத்த முறை இரண்டும் சேர்ந்து முழுதாவது 60ஆம் நாள், ஆகவே திருவிழா அன்றைக்கு. முழுநிலாவிலும் அமாவாசையிலும் கடல்நீர்ப் பெருக்கு கூடும் என்பது மீனவர் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 30ஆம் நாள் பெரியது முழுநிலா, சின்னது அமாவாசை. இரண்டும் ஒன்றுசேர்ந்து இழுப்பதால் அன்றும் கடல் பொங்கும். முப்பது நாளுக்கு ஒருமுறை கண்டல் காட்டு வீடுகளுக்குள் தண்ணீர் வரும், ஆகவே வீடுகள் கால் ஊன்றி நிற்கும்.

இன்னும் ஒன்று. பெரிய நிலா 15, 45, 75 என்ற நாள்களில் அமாவாசை, எல்லாம் ஒற்றைப்படை. சின்னது 6, 18, 30, 42 என்று இரட்டைப்படையிலேயே இருளும். ஆகவே இரண்டும் ஒரே நாளில் மறைவது அந்த உலகத்தில் நடக்கவே நடக்காது. விடியவிடியக் கும்மிருட்டு என்பது கிடையாது. திருடனும் ஒற்றனும் என்ன செய்வார்கள்? கடல் வழிகாட்டிகள் நட்சத்திரம் பார்க்க எந்த நாளைத் தேர்வார்கள்? சின்ன நிலாவின் 12 நாளைப் பத்தாக்கினால் 15ஆம் நாளே இரண்டும் இருளும், கதை வேறு பக்கம் திரும்பிவிடும். நாலு எண்ணை ஒரு தாளில் எழுதிப் பார்க்கும் வேலைதான். கணக்குப் பாடம் என்றால் கசக்கிற பிள்ளைகூட இதற்கு உட்கார்ந்துவிடும்.

நகரம் வைப்பது நாலாம் சுற்றில். பத்தாயிரம் பேர் வாழும் ஊர் என்று ஒருவர் எழுதினால் சோற்றுக் கணக்கு கேளுங்கள். ஆளுக்கு ஆண்டுக்கு 200 கிலோ அரிசி என்றால் 2,000 டன் அரிசி, அதற்கு ஏறக்குறைய 3,000 டன் நெல் வேண்டும். உரமும் இயந்திரமும் இல்லாத காலத்து விளைச்சலாக ஹெக்டருக்கு ஒன்றரை டன் என்று வைத்தால் 2,000 ஹெக்டர், அதாவது 20 சதுரக் கிலோமீட்டர் வயல். உழுகிறவன் குடும்பமும் சாப்பிட வேண்டும், விதைநெல் எடுத்துவைக்க வேண்டும் என்பதால் உண்மையில் இதைப்போல் பல மடங்கு. பாறை உச்சியில் தனியாக நிற்கும் மாநகரத்துக்கு அரிசி யார் தூக்கிப் போகிறார்கள் என்று கேட்டால் பிள்ளைகள் சிரித்துவிட்டு ஊரைக் கீழே இறக்கிவிடுவார்கள்.

ஊர் நிற்கும் இடத்துக்குக் காரணம் வேண்டும். கோம்பாக், கிள்ளான் ஆறுகள் கூடும் சேற்றுக் கூடலில் கோலாலம்பூர். கெடா கரையோரம் நிற்கும் ஜெராய் மலை 1,217 மீட்டர். உயரத்தின் வர்க்கமூலத்தை 3.6 ஆல் பெருக்கினால் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் கடல்மட்டத்திலிருந்து அது கண்ணில் படும் என்று தெரியும். வானம் தெளிவாக இருந்தால் ஏறத்தாழ 125. கடலோடிக்கு இப்படி ஓர் அடையாளம் நிற்கும் கரையில் கடாரம் துறைமுகமானதிலும், 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் அதைத் தேடி வந்ததிலும் வியப்பில்லை.

இப்போது ராஜா வரலாம். ஆறுகள் கூடும் இடம், மலைக் கணவாய், உப்புவண்டி கடக்கும் துறை என்று சுங்கம் வாங்கத் தோதான இடம் தாளில் ஏற்கெனவே இருக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவர்தான் ராஜா. அதிகம் சொல்ல இதில் ஒன்றுமில்லை.

மந்திர சக்தியைத் தடுக்க வேண்டாம், தடுத்தால் பிள்ளைகளுக்கு உற்சாகம் போய்விடும். யாரால் முடியும், எவ்வளவு நேரம், என்ன போகும் என்ற மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். ‘காற்றை அழைக்கும் பெண்கள்’ என்பது வெறும் வாய்ப்பேச்சு. ஊருக்கு ஏழு பேர், ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம் காற்று வீசும், பிறகு மூன்று நாள் குரல் இராது என்றால் அது சீட்டு. கப்பல்காரர்கள் அவர்களுக்குக் கூலி தருவார்கள். வீட்டில் மூன்று நாள் பேச்சில்லாத அம்மாவோடு பிள்ளைகள் சைகை மொழி பழகுவார்கள். வரம்பே இல்லாத சக்தி ஒன்றை ஒருவர் எழுதிவிட்டால் அடுத்தவர் அதைவிடப் பெரிதாக எழுதுவார், மூன்றே முறையில் விளையாட்டு செத்துவிடும்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கார்ட்டூனில் கேட்ட பெயர்களையே பிள்ளைகள் வைப்பது வேறு வழி தெரியாததால்தான். மக்கள் கூட்டத்துக்கு ஓர் ஒலி விதி கொடுங்கள். தமிழ்ச்சொல் ழகரத்தில் தொடங்காது, வல்லின மெய்யில் முடியாது. இரண்டையும் தலைகீழாக்கினால் இரண்டு அயல்மொழி கிடைக்கும். மலைமக்கள் ழாமி, ழெத்தன், ழோரை. கரைமக்கள் தோமக், நெருட், காவிப். கலப்புத் திருமணத்தில் பிறந்த குழந்தையின் பெயர் ழாமட் என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். ஊர்ப்பெயர் நிலத்தைச் சொல்ல வேண்டும். குறிஞ்சிக்குச் சிறுகுடி, முல்லைக்குப் பாடி, நெய்தலுக்குப் பாக்கம், பட்டினம் என்று நமக்கு மரபு உண்டு. சுங்கை, புக்கிட், தஞ்சோங், தெலுக் என்று இந்த நாட்டு ஊர்களும் ஆற்றையும் குன்றையும் முனையையும் குடாவையும் பெயரிலேயே சுமக்கின்றன.

இரண்டு சீட்டு ஒன்றையொன்று மறுத்தால்? ஏழாம் சீட்டு மலைமக்களே முதலில் வந்தவர்கள் என்கிறது, பதினெட்டாவது கரைமக்கள்தான் என்கிறது. எதையும் நீக்க வேண்டாம். மலையில் அப்படிச் சொல்கிறார்கள், கரையில் இப்படிச் சொல்கிறார்கள் என்று கிராணி பதிந்தால் போதும். நிலப்படத்தில் ஆறு மேடேறினால் மட்டும் இந்தச் சலுகை கிடையாது. எந்த எண்ணையும் பிடிக்காமல் வரும் சீட்டை ஓரத்தில் வைத்து, இரண்டு சுற்றுக்குள் வேறு யாராவது அதைக் கோத்துக்கொண்டால் உள்ளே சேர்க்கலாம், இல்லையேல் அடுத்த உலகத்துக்கு. சீட்டு 25ஐத் தாண்ட விடாதீர்கள். அதற்குமேல் போனால் பழைய சீட்டை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை, முரண்பாடு மலிந்துவிடும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு பதிப்பின் மாணவர் பகுதியில் கால் பத்தி இதற்கு ஒதுக்கலாம். வாரம் ஒரு சீட்டு. பிள்ளைகள் அடுத்ததைத் தபால் அட்டையிலோ புலனத்திலோ (வாட்ஸ்அப்) அனுப்பட்டும். வருபவற்றில் ஒன்றைத் தேர்ந்து அடுத்த வாரம் போடுங்கள். பிடித்துக்கொண்டு வரும் சீட்டின் எண் இல்லாத அட்டையைப் படிக்காமலேயே ஒதுக்கிவிடலாம், உதவியாசிரியருக்குப் பாதி வேலை மிச்சம். வாரம் ஒன்று என்றால் 25 சீட்டு ஆறு மாதம் ஓடும். நாலு வாரத்துக்கு ஒருமுறை நிலப்படத்தையும் அதுவரை வந்த சீட்டுகளின் பெயர்களையும் மறுபடி அச்சிட வேண்டும், நடுவில் ஒரு வாரம் பத்திரிகை வாங்காத வீட்டுப் பிள்ளை விட்ட இடத்தில் சேர்ந்துகொள்ள அதுதான் வழி. முதல் சீட்டைத் தாங்களே போட்டுவிடுங்கள்: வெறும் தாள், ஓரத்தில் ஓர் அம்பு, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று.

இப்படிக்கு,
வாசகர்,
பட்டர்வொர்த், பினாங்கு.